கன்னிக்கு ஒரு முகம்

என் அத்தை ஒருத்திக்கு எப்போதும் ஒன்பது வயது. எனக்கு நான்கு வயதானபோது அவளுக்கு ஒன்பது, எனக்கு ஏழானபோதும் ஒன்பது. அப்பாவின் அக்கா அவள். அப்பா தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ஏதோ காய்ச்சலில் போய்விட்டாள் என்பார்கள். கல்யாணமாகாமல் போன பெண் பிள்ளையை வீட்டுக் கன்னி என்று வைத்துக் கும்பிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். பொங்கல் முடிந்ததும் புதுப் பாவாடை சட்டை, ரிப்பன், கண்ணாடி வளையல், பவுடர் டப்பா எல்லாவற்றையும் ஒரு முறத்தில் வைத்துப் படைப்போம். படைத்த துணியை வீட்டிலிருக்கும் பெண் குழந்தைக்குப் போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பதவிக்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஒன்பது வயதுக்கு எடுத்த துணி நான்கு வயதுக்காரிக்கு எப்படிச் சேரும்? அம்மா இடுப்பில் இரண்டு மடிப்பு, தோளில் ஒரு மடிப்பு பிடித்துத் தைத்துக் கொடுப்பாள். வருடா வருடம் மடிப்பு குறைந்துகொண்டே வந்தது. நான் சொல்லப்போகிற வருடம் மடிப்பே தேவைப்படவில்லை. "அளவெடுத்துத் தெச்சாப்பல இருக்குது" என்றாள் அம்மா. சொன்னவள் என்னைத் திருப்பி நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "போதுங் கண்ணு, கழட்டிரு" என்றாள்.

நான் படம் வரையக் கற்றுக்கொண்டதும் அந்த வருடம்தான்.

எங்கள் வீடு அவிநாசி போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகைதான் அப்பாவின் பிரிண்டிங் பட்டறை. பனியன் கம்பெனிகள் வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாக அனுப்பும். நாங்கள் அதன் நெஞ்சில் கரடியோ கப்பலோ எங்களுக்கே படிக்கத் தெரியாத வெளிநாட்டு எழுத்தோ அச்சடித்துத் திருப்பி அனுப்புவோம். பெரிய கம்பெனிகளில் எல்லாம் கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலம். அப்பாவுக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை, வாங்குவதற்கு வழியும் இல்லை. அதனால் எங்கள் பட்டறையில் படத்தைக் கையால்தான் ஃபிலிமில், அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில், வரைவார்கள். அதற்கென்று தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும், எல்லோரும் டிசைன் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் நேராக அவள் மேசைக்குப் போய்விடுவேன். மேசைக்கு நடுவில் கண்ணாடி, அதற்கு அடியில் ட்யூப்லைட். அதன் மேல் ஃபிலிமை ஒட்டிவைத்து, கருப்பு மையால் அக்கா வரைவாள். முதல் ஒரு வாரம் என்னை ஒன்றும் வரைய விடவில்லை, பார்க்கத்தான் சொன்னாள். அப்புறம் கழித்துப் போட்ட ஃபிலிம் துண்டும் முடி கொட்டிப்போன ஒரு பிரஷ்ஷும் கொடுத்தாள். நான் ஒரு முகம் வரைந்தேன். வட்டம், இரண்டு கண், நடுவில் ஆறு என்ற எண்ணைப் போல ஒரு மூக்கு.

"ஏ பிள்ளே, மூக்க எதுக்கு வரையுத? மூக்குக்குக் கீழ நெழலு கெடக்குலா, அத வரை. மூக்கு தன்னால வரும்."

நிழலை வரைந்தேன். மூக்கு தன்னால் வந்தது. அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தாள். அச்சுக்குப் போகும் படத்தை முழுதாக வரையக் கூடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஃபிலிம். தோல் ஒன்றில், முடி ஒன்றில், உதடும் பொட்டும் இன்னொன்றில். முடியை மட்டும் வரைந்த ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தால் ஜடையும் வகிடும் இருக்கும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கும். உதட்டு ஃபிலிமில் உதடும் பொட்டும் மட்டும் அந்தரத்தில் தொங்கும். காயவைக்க அவற்றைக் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பாள். காற்றடித்தால் ஓட்டை முகம் திரும்பும், உதடு வேறு பக்கம் திரும்பும். எனக்கு அது பழகிப்போகக் கொஞ்ச நாளாயிற்று.

அந்த மாசியில் பெரியப்பாவுக்குக் கோழிப்பண்ணையில் சீக்கு வந்து ஒரு கொட்டாய்க் கோழி மொத்தமும் போய்விட்டது. பல்லடத்துக்குப் பக்கத்தில் அவருக்குப் பண்ணை. அப்பாவுக்கும் அதே சமயத்தில் ஒரு பெரிய ஆர்டர், துவைத்தால் சாயம் போகிறது என்று திரும்பி வந்துவிட்டது. கோழிச் சீக்குக்கும் சாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற ஆள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. இரண்டு பேரும் குறி கேட்கப் போனார்கள். குறி சொல்கிறவள் கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் வீட்டுக் கன்னிக்குத் துணி இருக்கிறது, வளையல் இருக்கிறது, முகம் இல்லை, முகம் தேடி அலைகிறாள் என்று சொல்லிவிட்டாள்.

உண்மையில் முகம் இல்லைதான். வீட்டில் ஒரே ஒரு குரூப் போட்டோ உண்டு. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், ஆத்தாவின் மடியில் அப்பா, பன்னிரண்டு வயதுப் பெரியப்பா விறைப்பாக நிற்பார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பாவாடை, அதற்குக் கீழே இரண்டு பாதம் தெளிவாகத் தெரியும். எடுக்கும்போது அவள் தலையை ஆட்டிவிட்டாளாம். முகம் இருக்கும் இடத்தில் வெள்ளையாகப் புகை போல ஏதோ இருக்கும். தாத்தாவும் ஆத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளைக் கண்ணால் பார்த்தவர் என்று மிச்சம் இருந்தது பெரியப்பா ஒருவர்தான்.

அவர் சொல்லச் சொல்ல டிசைன் அக்கா வரைவது என்று ஏற்பாடு. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் பல்லடத்திலிருந்து பஸ் ஏறி வருவார். அக்காவுக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்ப்பார்.

"நெத்தி எப்படிங்க இருக்கும் அண்ணாச்சி? அகலமா, குறுகலா?"

"அகலமாத்தானுங்க இருக்கும்."

அக்கா வரைந்து காட்டுவாள். "இம்புட்டுக்கா?"

"ஆமாங்க, அப்பிடித்தான்."

"இல்ல, இதவிடக் குறுகலா?"

"அப்பிடியுந்தானுங்க இருக்கும்."

எதைக் கேட்டாலும் ஆமாங்க. இரண்டு வாரம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். மூன்றாவது வாரம், "முகத்தப் பார்க்காம என்னால முடியாதுங்க, வீட்டுல யாரு சாயலாவது வேணும்" என்றாள். அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து ஃபிலிமில் ஒரு காது வரைந்துகொண்டிருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாதான், "பாப்பா என்ற அக்காளாட்டத்தான்னு எங்கம்மா சொல்லுமுங்ணா" என்றார். நான் பிறப்பதற்கு முன்பே ஆத்தா போய்விட்டதை அவர் யோசிக்கவில்லை. பெரியப்பா என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே சொன்னார்.

"ஆமாங்க. இவளாட்டத்தான். இவளையே வரைஞ்சிருங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. தை மாதத்துப் பாவாடையை எடுத்துப் போட்டு, இரட்டை ஜடை பின்னி, என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். நான்கு சாயங்காலம் அசையாமல் உட்கார்ந்தேன். முதுகில் எறும்பு ஊறினால்கூடச் சொறியவில்லை. படத்தை அச்சு வலையில் ஏற்றி ஸ்க்ரீன் எடுத்த அன்று அக்கா என்னை இருட்டறைக்குள் கூட்டிப் போனாள். மஞ்சள் பல்பு எரிந்தது. மருந்து தடவிய வலைச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் பச்சை. அவள் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தாள். மை மறைத்திருந்த இடத்தில் மட்டும் மருந்து கரைந்து, முதலில் ஒரு கண் திறந்தது, பிறகு இன்னொன்று, பிறகு புருவங்கள். மருந்து கரைந்த ஓட்டைகளின் வழியாக மஞ்சள் வெளிச்சம் என் சட்டையில் விழுந்தது. "ஒன் மொகம் ஒன் மேலயே விழுது பாரு" என்று அக்கா சிரித்தாள். நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.

ஒரு படம் வேண்டுமென்றால் ஒரு படம் வரைந்து மாட்டுவதுதான் ஊரில் எல்லோரும் செய்வது. அப்பாவுக்கு ஸ்க்ரீன் போடாமல் படம் எடுக்கத் தெரியாது. கன்னிக்கென்று உயர்ந்த வெள்ளைப் பனியன் துணியில் அச்சடித்தார். தோல் நிறம் கூடியது, குறைந்தது, உதடு நகர்ந்து கன்னத்தில் விழுந்தது, ஒன்றில் பொட்டு மூக்கின் மேல் இருந்தது. துண்டுத் துணிகளில் போட்டுப் போட்டுப் பார்த்துக் கடைசியில் ஒன்று சரியாக வந்தது. அதைப் பலகையில் இழுத்து ஒட்டிச் சட்டம் போட்டார். கண்ணாடி போடவில்லை. "எத்தன தடவ தொவச்சாலும் போகாதுங்க இந்தச் சாயம்" என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொன்னார். சாமி படத்தை யார் துவைக்கப் போகிறார்கள் என்று அம்மா முணுமுணுத்தாள்.

படத்தை நடுவீட்டில் மாட்டி, சாமந்தி மாலை போட்டு, குங்குமம் வைத்தார்கள். பங்குனி அமாவாசைக்குப் பெரியப்பா வந்து, பார்த்து, இவள்தான் என்று சொல்லிப் பூசை போட்டுவிட்டால் அதற்கப்புறம் அது படமில்லை, கன்னியேதான். யாரும் கழற்றவோ மாற்றவோ கூடாது. அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் எனக்குப் பத்து வயது முடிய வேண்டும்.

முதல் நாள் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு நாக்கால் உச்சுக்கொட்டினார். "எப்பங்க தவறுச்சு பாப்பா? போன மாசங்கூட வாசல்ல சைக்கிள் ஓட்டிட்டு இருந்துச்சே" என்று அம்மாவிடம் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். அந்த மனிதர் சிலிண்டரை வைத்துவிட்டு காசு வாங்காமலே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், மறுநாளே விட்டுவிட்டது. ஆனால் அம்மா பயந்துவிட்டாள். என் இரட்டை ஜடையை அவிழ்த்து ஒற்றையாகப் பின்னினாள். படத்தைக் கழற்றி வையுங்கள் என்று அப்பாவிடம் சண்டை போட்டாள். "அண்ணன் வராம நானு எப்பிடிக் கழட்டறது" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். இதை எல்லாம் நான் போர்வைக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளும் ஒன்பது வயதில் காய்ச்சலில்தான் போனாள். அவள் துணி எனக்குச் சரியாகிவிட்டது. என் முகம் அவளுக்குச் சரியாகிவிட்டது. இனி பாக்கி என்ன என்று எனக்கே கணக்குப் போடத் தெரிந்தது. பத்து முடிவதற்குள் அவள் என்னைக் கூப்பிட்டுக்கொள்வாள் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன். பஞ்சர் கடைக்காரர் ஒரு வேஸ்ட் துணியால் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட் இல்லாத கடை கிடையாது, மூட்டை மூட்டையாக விலைக்குப் போகும். அந்தத் துணியில் ஒரு ஜடையும் ஒரு கண்ணும் தெரிந்தன. என் கண். அவர் துணியைப் பிரித்து, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து ரிம்மில் தேய்த்தார். பனியன் துணி இழுத்தால் அகலும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முகம் பக்கவாட்டில் அகன்றது. கண்கள் தள்ளிப் போயின, மூக்கு பரந்தது, வாய் நேர்க்கோடாக இறுகியது. இடது புருவத்தின் மேல் துணி மடிந்து, அந்த மடிப்பில் கிரீஸ் ஏறிப் புருவத்தை இரண்டாக வெட்டியது. ஒரு நொடி நான் அங்கே இல்லை. வேறு ஒரு பெண் என்னைப் பார்த்தாள். அவர் கையைத் தளர்த்தினார், மறுபடி நான் வந்துவிட்டேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். வழியில் நின்றிருந்த பல்லடம் பஸ்ஸின் டிரைவர் எட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த துணியில் உதடும் பொட்டும் மட்டும் இருந்தன.

டிசைன் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. சரியாக வராத துண்டுகளை எல்லாம் எரித்துவிடச் சொல்லி அப்பா அவளிடம்தான் கொடுத்திருந்தார். பனியன் துணியை எரிப்பதாவது என்று பழக்க தோஷத்தில் அவள் வேஸ்ட் மூட்டையில் போட்டுவிட்டாள். சாமி முகம் என்று கை நினைக்கவில்லை.

"ஏ பிள்ளே, அப்பாட்ட சொல்லிராத. என்னைய ஊருக்கு அனுப்பிருவாவ."

"சொல்லலீங்க்கா. ஆனா படத்துல இருந்து என்னைய எடுத்துருங்க."

அவளுக்குப் புரியவில்லை. என் கணக்கை விளக்கிச் சொன்னேன். பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. அவள் ஊர்ப் பக்கத்திலும் கன்னி உண்டு. பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"மாலை போட்டாச்சு. வெளியாளு இனி தொடப்பிடாது. நீ அந்த வீட்டு ரத்தம்லா. ஒனக்கு வரையவும் தெரியும். யாரு மொகம் வேணும்னு மொதல்ல முடிவு பண்ணிக்கோ, அப்புறம் கை வையி. யோசிச்சுக்கிட்டே வரைஞ்சா மறுபடியும் நீதான் வருவ."

மூன்று ஐஸ்கிரீம் கப்பில் சாயம் கலந்து கொடுத்தாள். ஒன்றில் தோல் நிறம், ஒன்றில் மெரூன், ஒன்றில் கருப்பு. கருப்பு அடியில் ஒட்டியிருந்ததுதான். அவளுடைய நல்ல பிரஷ்ஷையும் கொடுத்தாள். அதுவரை அதைத் தொட்டால் கையில் அடிப்பாள்.

அமாவாசைக்கு முதல் நாள் கரண்டு இல்லாத நாள். மாதத்தில் ஒரு நாள் பகல் முழுக்க நிறுத்துவார்கள். பட்டறைக்கு லீவு, அப்பா வெளியே போயிருந்தார், அம்மா நாளைய பூசைக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். சுற்றிலும் ஒரு மிஷின் ஓடவில்லை. பிறந்ததிலிருந்து மிஷின் சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு அந்த அமைதி பெரிய சத்தமாக இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, மாலையைக் கழற்றி, படத்தை இறக்கித் தரையில் வைத்தேன். "அத்தே, கோவிச்சுக்காதீங்க" என்று கும்பிட்டுக்கொண்டேன். என் வயதுக்காரியை வாங்க போங்க என்று கூப்பிடுவது அன்றுதான் விசித்திரமாகத் தோன்றியது.

யாருடைய முகம் என்பதை ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். என் படத்திலிருந்தே வரக்கூடிய, நான் இல்லாத முகம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். பஞ்சர் கடையில் பார்த்தது.

தோல் நிறத்தை எடுத்து மூக்கின் இரண்டு பக்கமும் தடவி, அதற்குக் கீழே நிழலை அகலமாகப் போட்டேன். மூக்கு பரந்தது. கண்ணின் உள்முனைகளை மூடி வெளிமுனைகளை நீட்டினேன். கண்கள் தள்ளிப் போயின. சிரிப்பை அழித்து வாயை நேர்க்கோடாக்கினேன். கை என்னைக் கேட்கவில்லை, பிரஷ் எங்கே போக வேண்டும் என்பது பிரஷ்ஷுக்குத் தெரிந்திருந்தது. அப்படி ஒரு சுலபம் அதற்கப்புறம் எனக்கு இந்தத் தொழிலில் ஒரு நாளும் வாய்க்கவில்லை. கடைசியாக இடது புருவத்தில் அந்த வெட்டு. கருப்பு தீர்ந்துவிட்டது. மெரூனைத் தொட்டு, புருவத்துக்குக் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். நான் இல்லை. நான் போய்விட்டேன். அந்த இடத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தாள். பார்த்த அந்த நொடியே இவள் ரொம்ப நாளாக இங்கே இருக்கிறவள், நான்தான் இப்போது வந்தவள் என்று பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. எப்படிப் படத்தை மாட்டினேன், எப்படி மாலையைப் போட்டேன் என்பது நினைவில் இல்லை. அம்மா வரும்போது வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அன்று இருட்டிய பிறகும் கரண்டு வரவில்லை, பூமாலையும் இருட்டும் சேர்ந்து மறைத்ததில் படத்தை யாரும் பார்க்கவில்லை. மெழுகுவர்த்தியை ஏற்றிச் சமையலறையிலேயே சாப்பிட்டுப் படுத்துவிட்டோம்.

மறுநாள் காலையில் அம்மா பழைய மாலையை எடுத்தாள். எடுத்த கையோடு அப்படியே நின்றாள். அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா வந்தார், பட்டறை ஆட்கள் வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். "மூஞ்சி மாறிப்போச்சுங்க, கன்னி தன்ற மூஞ்சியத் தானே எடுத்துக்கிட்டா" என்று யாரோ சொன்னார்கள். அம்மா உடனே சூடம் ஏற்றினாள். என் முகம் அங்கிருந்து போனதில் அவளுக்குத்தான் எல்லோரையும்விட நிம்மதி. அப்பா சாயத்திலேயே பிழைக்கிறவர், விரலால் ஒரு தடவை தடவியிருந்தால் பிரஷ் ஓடிய தடிப்பு தெரிந்திருக்கும். சாமி முகத்தை யார் தடவிப் பார்ப்பார்கள்? டிசைன் அக்கா கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பயமும் பெருமையும் கலந்த பார்வை. ஒரு ஆசிரியையிடமிருந்து அப்படி ஒரு பார்வை கிடைத்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள்.

பத்து மணிக்குப் பெரியப்பா தேங்காய் பழத்தோடு வந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வழக்கம்போலத் தரையைத்தான் பார்த்தார். அப்பா, "பாருங்ணா" என்றதும் நிமிர்ந்தார்.

பை கையிலிருந்து நழுவித் தேங்காய் உருண்டது. அதை எடுக்க யாரும் குனியவில்லை. பெரியப்பா ஒரு விரலை நீட்டி, படத்தின் இடது புருவத்தைத் தொட்டார். சுட்டுக்கொண்டவரைப் போலக் கையை இழுத்துக்கொண்டார். விரலைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார்.

"இவதானுங்க" என்றார். "இவளேதான்."

அம்மா குலவை போட்டாள். பூசை முடிந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பெரியப்பா மட்டும் உட்காரவில்லை. பின்பக்கம் தொட்டியடியில் நான் நகத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தேன். நகத்தடியில் மெரூன் போகவே இல்லை, அப்பா சாயத்தின் பெருமை அப்படி. பெரியப்பா வந்து எனக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் என் காதருகே குனிந்து ரொம்பத் தணிவாகக் கேட்டார்.

"கண்ணு, அவ கோவமா இருக்காளா சாமி?"

நான் யோசித்தேன். வாயை இறுக்கியதும் கண்ணை நீட்டியதும் ஞாபகம் வந்தன.

"ஆமாங்க பெரியப்பா" என்றேன். "ரொம்பக் கோவமா இருக்கா."

அவர் தலையாட்டினார். என் கையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, தன் துண்டால் நகம் நகமாகத் துடைத்துவிட்டார். பிறகு எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் எனக்குப் பத்து வயது முடிந்தது. கேக் வெட்டினோம். நான் தப்பித்துவிட்டேன். அப்பாவுக்கு ஆர்டர்கள் வந்தன, அக்காவுக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார்கள். அவள் கல்யாணமாகி ஊருக்குப் போகும்வரை எனக்கு முகம் முகமாகச் சொல்லிக் கொடுத்தாள். பெரியப்பா மட்டும் அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தை மாதத்துக்குத் துணியும் பழமும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். பண்ணை வேலை என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம்.

நான் கல்லூரியில் டிசைன் படித்துக்கொண்டிருந்தபோது அவர் இறந்தார். காரியமெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் பெரியம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். கடைசிக் காலத்தில் அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வயதில் விளையாட்டுச் சண்டையில் அவர் எறிந்த ஓட்டுச் சில்லு தங்கையின் இடது புருவத்தைக் கிழித்துவிட்டது. அப்பனிடம் அடி வாங்கப் பயந்து, காட்டு மண்ணை அள்ளிக் காயத்தில் அப்பி, படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்ல வைத்திருக்கிறார். அவளும் அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல் அப்படியே சொல்லியிருக்கிறாள். ஒன்பதாம் நாள் ஜன்னி கண்டு, வாய் திறக்க முடியாமல் இறுகிப்போய்ச் செத்தாள்.

"அந்த மூஞ்சிய மறக்கறதுக்குத்தான் அவரு என்ன கேட்டாலும் ஆமாங்க ஆமாங்கன்னாரு கண்ணு" என்றாள் பெரியம்மா. "அவ கோவமாத்தான் இருக்கா, பாப்பாவே சொல்லிப்போட்டான்னு சாகற முட்டும் சொல்லிட்டிருந்தாரு."

இல்லீங்க பெரியப்பா என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அன்று அந்தத் தொட்டியடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நான் முதன்முதலாகச் சொந்தமாக வரைந்த ஒரு முகத்தை, அதிலிருக்கும் கோபத்தை, யாரும் சொல்லாமலே ஒரு பெரிய மனிதர் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.